வலைப்பக்க உறுப்புக்களும் வெளி நூலகங்களும்

மழையளவு, நீர்த்தேக்கத்தின் மட்டம், தடுப்பூசி பெற்றோர் தொகை, பேருந்து புறப்படும் நேரம் ஆகியவற்றைப் பொதுமக்கள் முற்காலத்தில் அறிவிப்புப் பலகையிலும் நாளிதழிலும் கண்டனர். இன்று வலைப்பக்கத்தில் காண்கின்றனர். அப்பக்கத்திற்கு வேண்டிய இலக்கங்களைத் திரட்டித் தருவோர் களப்பணியாளர். அவற்றைப் பொருளுணர்ந்து படிக்கப் பயிற்றுவோர் ஆசிரியர். ஆகவே, அப்பக்கம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை இவ்விரு சாராரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

ஒரே பக்கத்தில் அட்டவணை ஓர் எண்ணையும், அதன் அருகிலுள்ள தேசப்படம் வேறோர் எண்ணையும் காட்டுமாயின், படிப்பவர் எதனை நம்புவார்? பிழை எப்பொழுதும் இலக்கத்தைத் திரட்டியவருடையது அன்று. பக்கத்தை வரையும் இரண்டு நிரல்கள், ஒன்றன் இடத்தில் மற்றொன்று கைவைப்பதாலும் இத்தகைய முரண் நேரலாம். அது ஏன் நேருகின்றது, அதனைத் தவிர்க்கும் முறை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உறுப்பு, கட்டமைப்பு, நூலகம்

ஒரு வலைப்பக்கத்தின் உட்புற அமைப்பு கிளைகள் விட்ட ஒரு மரத்தை ஒத்தது. பக்கம் அடிமரம், தலைப்பு, அட்டவணை, படம் முதலியன கிளைகள், அட்டவணையின் வரிசைகளும் கட்டங்களும் சிறு கிளைகள். இதனை ஆவண மரம் என்று வழங்கலாம். திரையில் நாம் காணும் ஒவ்வொரு மாற்றமும் இம்மரத்தில் ஏதேனும் ஒரு கிளையை மாற்றியதன் விளைவேயாகும்.

2006-ஆம் ஆண்டில் ஜான் ரெசிக் என்பவர் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல், இக்கிளைகளைத் தேடிப் பிடித்து நேரடியாக மாற்றும் வேலையை எளிதாக்கிற்று. பக்கங்கள் சிறியனவாக இருந்தவரையில் அம்முறை போதியதாயிருந்தது. பக்கங்கள் பெருகி, ஒரே இலக்கம் பல இடங்களில் தோன்ற வேண்டிய நிலை ஏற்பட்டபொழுது, எந்தக் கிளையை எந்த நிரல் எப்பொழுது மாற்றியது என்று கண்டறிவது கடினமாயிற்று.

இதற்கு விடையாக எழுந்தவையே உறுப்புமுறைக் கட்டமைப்புக்கள். 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஃபேஸ்புக் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட் இவற்றுள் பெரிதும் பரவியது. இம்முறையில் பக்கம் பல உறுப்புக்களாகப் பகுக்கப்படுகின்றது. இன்ன இலக்கம் இருந்தால் இவ்வுறுப்பு இவ்வாறு தோன்ற வேண்டும் என்று நிரலாளர் எழுதிவைக்கின்றார். இலக்கம் மாறியவுடன் ஆவண மரத்தைத் திருத்தும் வேலையைக் கட்டமைப்பே ஏற்றுக்கொள்கின்றது.

நூலகம் என்னும் சொல் இங்குப் புத்தகசாலையைக் குறிப்பதன்று. பிறர் எழுதி, சோதித்து, எவரும் எடுத்தாளுமாறு தொகுத்துவைத்த நிரற்பகுதியே நூலகம் எனப்படும். தேசப்படம் காட்டுதற்கு, 2011-ஆம் ஆண்டில் உக்ரைன் நாட்டினரான விளாடிமிர் அகஃபோன்கின் வெளியிட்ட லீஃப்லெட் உண்டு. வரைபடங்கள் தீட்டுதற்கு, அதே ஆண்டில் மைக் பாஸ்டாக் முதலியோர் வெளியிட்ட டி3 உண்டு. இவை எந்த ஒரு கட்டமைப்பையும் சாராதவை. இவற்றின் சிறப்பும் அதுவே. சிக்கல் பிறக்குமிடமும் அதுவே.

கட்டமைப்பின் நினைவும் அந்நியக் கையும்

ரியாக்ட், தான் கடைசியாக வரைந்த உருவத்தின் குறிப்பை நினைவில் வைத்திருக்கின்றது. இலக்கம் மாறும்பொழுது புதிய உருவத்தின் குறிப்பைத் தயாரித்து, பழையதனுடன் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் ஆவண மரத்தில் திருத்துகின்றது. பக்கம் முழுவதையும் அழித்து எழுதாமையால் வேலை குறைகின்றது.

இம்முறை ஓர் அனுமானத்தின் மீது நிற்கின்றது: தான் வரைந்த கிளைகளை வேறெவரும் தொடவில்லை என்பதே அது. வெளி நூலகம் ஒன்று அக்கிளைகளுள் ஒன்றை அகற்றிவிட்டால், ரியாக்டின் குறிப்பு ஒன்றும் மரத்தின் உண்மை நிலை வேறொன்றுமாக ஆகிவிடுகின்றன. இதனால் மூவகைக் கேடுகள் விளையும். நூலகம் வரைந்ததை ரியாக்ட் அடுத்த திருத்தத்தில் துடைத்துவிடலாம். அல்லது ரியாக்ட் எழுதிய புதிய இலக்கம் திரைக்கு வராமல் பழையதே நிற்கலாம். அல்லது இல்லாத கிளையை அகற்ற முயன்று பக்கமே இயக்கமற்று நின்றுவிடலாம்.

மூன்றாவது கேட்டினை நூலகம் எதனையும் சேர்க்காமலேயே காணக்கூடும். மலையாளத்தில் அமைந்த ஒரு பக்கத்தைத் தமிழில் படிக்க விரும்புவோர், குரோம் உலாவியிலுள்ள மொழிபெயர்ப்பு வசதியை உபயோகிப்பது உண்டு. அவ்வசதி, பக்கத்திலுள்ள எழுத்துத் துண்டுகளை அகற்றி, அவ்விடங்களில் மொழிபெயர்த்த துண்டுகளைப் புதிய உறைகளில் இட்டு வைக்கின்றது. ரியாக்டால் இயங்கும் பக்கத்தில் பின்னர் ஓர் இலக்கம் மாறும்பொழுது, ரியாக்ட் தன் பழைய துண்டைத் தேடுகின்றது. அது அவ்விடத்தில் இல்லாமையால் சில பக்கங்கள் பிழையுற்று வெறுமையாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பானும் குற்றமுடையதன்று; ரியாக்டும் குற்றமுடையதன்று. ஒரே இடத்திற்கு இரண்டு உரிமையாளர் இருந்ததே கேட்டிற்குக் காரணம்.

தம்பானூர் காட்டும் ஒப்புமை

திருவனந்தபுரம் நகரின் தம்பானூர்ப் பகுதியை அறிந்தோர்க்கு இவ்வுண்மையை எளிதில் விளக்கலாம். 1931-ஆம் ஆண்டு முதல் நகரின் தலைமை ரயில் நிலையம் அங்கு இயங்கி வருகின்றது. அதன் எதிரிலேயே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம் உள்ளது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்திறங்கும் ஒருவர், சாலையைக் கடந்து பேருந்தில் ஏறிச் செல்லலாம்.

ரயில் நிலையத்தின் நடைமேடையை மத்திய அரசின் ரயில்வே நிர்வகிக்கின்றது. பேருந்து நிலையத்தின் தடத்தை மாநிலக் கழகம் நிர்வகிக்கின்றது. எந்த வண்டி எந்த மேடைக்கு வரவேண்டும் என்று ரயில்வே அதிகாரி பேருந்து நிலையத்தார்க்குக் கட்டளையிடுவதில்லை. பேருந்து நடத்துநர் நடைமேடையில் நின்று சமிக்ஞை காட்டுவதுமில்லை. பிரயாணி மட்டும் வாயில் வழியே ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்கின்றார். இரண்டு நிர்வாகங்களும் ஒன்றாகாமலே ஒரு பிரயாணம் நிறைவேறுகின்றது.

வலைப்பக்கத்திலும் இவ்வேற்பாடே தேவை. கட்டமைப்பிற்கு உரிய நிலம் ஒன்று. நூலகத்திற்கு உரிய நிலம் ஒன்று. இடையே வாயில், அவ்வாயில் வழியே செல்வது இலக்கம் மட்டுமே.

கொள்ளைநோய்க் காலத்து உதாரணம்

நம் நாட்டில் இம்முறை பெரிய அளவில் பயன்பட்டதற்குக் கோவிட் காலத்தில் தோன்றிய ஒரு வலைத்தளம் சான்றாகும். இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தன்னார்வலர் சிலர் ‘கோவிட்19இந்தியா’ என்னும் தளத்தைத் தொடங்கினர். கேரள சுகாதாரத் துறை திருவனந்தபுரத்திலிருந்து நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையைப் போன்று, ஒவ்வொரு மாநிலமும் வெளியிட்ட தகவல்களை அவர்கள் திரட்டி, மாநிலவாரியாகவும் மாவட்டவாரியாகவும் ஒரே இடத்தில் காட்டினர். மாநிலங்களின் அறிக்கைகள் ஒரே வடிவில் இல்லாத அந்நாட்களில், செய்தியாளரும் ஆராய்ச்சியாளரும் பொதுமக்களும் இத்தளத்தைப் பெரிதும் நம்பினர்.

அத்தளம் ரியாக்டினால் ஆனது. தேசப்படமும் நாள்வாரி வளைகோடுகளும் டி3-இன் துணையால் வரையப்பட்டவை. அதன் நிரல் எவரும் படித்துப் பார்க்குமாறு வெளியிடப்பட்டிருந்தது. அதனை நோக்குவோர்க்கு எல்லைக்கோடு தெளிவாகப் புலப்படும். அட்டவணையும் தலைப்பும் பொத்தான்களும் ரியாக்டின் பொறுப்பு. படத்திற்கென்று ஒரு வெற்றுச் சட்டத்தை ரியாக்ட் நாட்டுகின்றது. அச்சட்டத்தின் முகவரி டி3-இடம் ஒப்படைக்கப்படுகின்றது. மாவட்ட எல்லைகளை வரைவதும், தொகைக்கேற்ப நிறமூட்டுவதும் டி3-இன் வேலை. பயனாளி படத்தில் ஒரு மாநிலத்தைத் தொட்டால், இன்ன மாநிலம் தொடப்பட்டது என்னும் செய்தி மட்டும் ரியாக்டிற்குத் திரும்பி வருகின்றது. அச்செய்தியைக் கொண்டு ரியாக்ட் அட்டவணையையும் படத்தையும் ஒருங்கே புதுப்பிக்கின்றது.

இவ்வேற்பாட்டின் பயனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அட்டவணைக்கு ஒரு தொகையும் படத்திற்கு ஒரு தொகையும் தனித்தனியே வைக்கப்படவில்லை. தொகை ஓரிடத்தில் உள்ளது, வரைபவர் இருவர். தன் மாவட்டத்தில் நோய் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்று கவலையுடன் பார்க்கும் ஒருவர்க்கு, படமும் அட்டவணையும் ஒன்றையே சொல்லுதல் அலங்காரமன்று. அது நம்பிக்கையின் அடிப்படை. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாளுடன் அத்தளம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. எனினும், அதன் நிரல் இன்றும் கற்போர்க்கு ஒரு பாடமாக உள்ளது.

தம்பானூர்ப் படம் அமைக்கும் முறை

இனி, சிறியதோர் உதாரணத்தைப் படிப்படியாகக் காண்போம். தம்பானூரின் ரயில் நிலையம், பேருந்து நிலையம், அருகிலுள்ள மருந்தகம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைக் காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று கொள்வோம். இடங்களின் பட்டியலை ரியாக்ட் காட்டும். படத்தை லீஃப்லெட் காட்டும்.

முதலாவது, ரியாக்ட் உறுப்பு ஒரு வெற்றுப் பெட்டியைத் தருதல் வேண்டும். அதனுள் ரியாக்ட் எதையும் எழுதலாகாது. பெட்டிக்கு உயரம் குறிப்பிடுதல் அவசியம். உயரமில்லாத பெட்டியில் படம் தோன்றாது. லீஃப்லெட்டுடன் வரும் பாணிக் கோப்பையும் சேர்த்தல் வேண்டும். அதை மறந்தால் படத்தின் துண்டுகள் திரையெங்கும் சிதறிக் கிடக்கும்.

இரண்டாவது, பெட்டி ஆவண மரத்தில் நாட்டப்பட்ட பின்னரே லீஃப்லெட்டை அழைத்தல் வேண்டும். நாட்டப்படாத பெட்டியில் எவரும் வரைய இயலாது. பெட்டியின் முகவரியை வைத்துக்கொள்ள யூஸ்ரெஃப் என்னும் வசதியும், நாட்டியபின் செய்ய வேண்டியதைக் குறிப்பிட யூஸ்எஃபெக்ட் என்னும் வசதியும் ரியாக்டில் உள்ளன. இவை 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 16.8-ஆம் பதிப்பு முதல் வழக்கில் உள்ளன.

மூன்றாவது, படத்தின் நடுப்புள்ளியைக் குறிப்பிடுதல் வேண்டும். தம்பானூர் ரயில் நிலையம் சுமார் வட அட்சம் 8.487, கிழக்குத் தீர்க்கம் 76.952 என்னும் இடத்தில் உள்ளது. லீஃப்லெட் அட்சத்தை முதலிலும் தீர்க்கத்தைப் பின்னும் கேட்கின்றது. ஆனால், இடத்தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் ஜியோஜேசன் என்னும் வடிவத்தில் தீர்க்கமே முன்னர் வரும். இரண்டையும் மாற்றிவிட்டால், தம்பானூர் நிலையம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடற்பரப்பில் போய் நிற்கும். கருவியிலிருந்து இடக்குறிப்பு எடுத்துவரும் களப்பணியாளர், எந்த எண் எதனைக் குறிக்கின்றது என்பதை ஏட்டிலேயே எழுதிவைத்தல் இப்பிழையைத் தடுக்கும்.

நான்காவது, அடித்தளப் படம். 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் படத்துண்டுகளைச் சிறிய பணிகளுக்கு உபயோகிக்கலாம். அதன் பங்களிப்பாளர்களின் பெயரைப் படத்தின் ஓரத்தில் காட்டுதல் கட்டாயம். துண்டுகளைப் பெருமளவில் இறக்கிச் சேமித்தல் அத்திட்டத்தின் விதிகளுக்கு மாறானது.

ஐந்தாவது, இலக்கம் மாறும்பொழுது செய்ய வேண்டியது. குடிநீர்க் குழாய் ஒன்று பட்டியலில் புதிதாகச் சேர்ந்தால் படம் முழுவதையும் மீண்டும் உண்டாக்குதல் தவறு. படம் ஒருமுறை உண்டாக்கப்படும். குறிகள் மட்டும் புதுப்பிக்கப்படும். ஆகவே, இவ்விரு வேலைகளையும் இரண்டு தனி விதிகளாக எழுதுதல் முறை.

ஆறாவது, விடைபெறும்பொழுது செய்ய வேண்டியது. பயனாளி வேறு பக்கத்திற்குச் சென்றால் ரியாக்ட் பெட்டியை அகற்றிவிடும். ஆனால், லீஃப்லெட் தன் நினைவில் வைத்திருக்கும் படத்தையும், சுட்டியின் அசைவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடுகளையும் ரியாக்ட் அறியாது. அவற்றை நீக்கும் கட்டளையை நிரலாளரே எழுதுதல் வேண்டும். எழுதாவிடின், அதே பெட்டியில் மறுமுறை படம் உண்டாக்க முயலும்பொழுது, இப்பெட்டியில் முன்னரே படம் உள்ளது என்று லீஃப்லெட் மறுத்துவிடும்.

இவ்வாறாவது படி பலரால் மறக்கப்படுவது. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ரியாக்டின் 18-ஆம் பதிப்பு, கண்டிப்பு முறையை இயக்கிப் பணியாற்றும் நிரலாளரின் பயிற்சிக் களத்தில் ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை நாட்டி, நீக்கி, மீண்டும் நாட்டிப் பார்க்கின்றது. துப்புரவு விதி எழுதப்படாத உறுப்பு அங்கேயே அகப்பட்டுக்கொள்கின்றது. சிலர் இதனைத் தொல்லையெனக் கருதி அக்கண்டிப்பு முறையை நிறுத்திவிடுகின்றனர். தீயணைப்பு ஒத்திகையில் மணி ஒலிக்கின்றதென்று மணியைக் கழற்றிவைப்பதற்கு இது ஒப்பாகும்.

கடன் பெற்ற நிரலின் விலை

வெளி நூலகம் இலவசமாகக் கிடைப்பினும் அதற்கும் விலை உண்டு. முதல் விலை எடை. லீஃப்லெட்டின் நிரல் சுருக்கிய நிலையில் சுமார் 42 கிலோபைட் அளவினது, இது சிறியதே. ஆனால், பத்து நூலகங்களைச் சேர்த்தால், மலையடிவாரக் கிராமத்தில் மெலிந்த இணைப்புடன் பக்கத்தைத் திறப்பவர் அவையனைத்திற்கும் காத்திருக்க நேரும். டி3 நூலகம் 2016-ஆம் ஆண்டில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வேண்டிய பகுதியை மட்டும் சேர்த்தல் சிக்கனம்.

இரண்டாம் விலை சார்பு. 2016-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை உலகிற்கு உணர்த்தியது. எழுத்துத் தொடரின் இடப்புறத்தில் வெற்றிடம் நிரப்பும் லெஃப்ட்பேட் என்னும் பதினொரு வரி நூலகத்தை, பெயர் பற்றிய ஒரு பிணக்கின் காரணமாக, அதன் ஆசிரியர் பொதுக்களஞ்சியமாகிய என்பிஎம்-இலிருந்து அகற்றிவிட்டார். அதனை நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் உடனே தடைப்பட்டன. ரியாக்டைச் சார்ந்த திட்டங்களும் அவற்றுள் அடங்கும். களஞ்சியத்தார் சுமார் இரண்டு மணி நேரத்தில் அதனை மீட்டுவைத்தனர். பதினொரு வரிகளைத் தாமே எழுதியிருக்கக்கூடியவர்கள், அவற்றிற்காக வேலை தடைப்பட நின்றனர்.

ஆகவே, எதனைக் கடன் பெறுவது என்பதில் விவேகம் வேண்டும். தேசப்படம் காட்டும் நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுதல் வீண் உழைப்பு. வெற்றிடம் நிரப்பும் நிரலைக் கடன் பெறுதல் வீண் சார்பு.

லீஃப்லெட்டை ரியாக்டின் உறுப்பாகவே மாற்றித் தரும் ரியாக்ட்-லீஃப்லெட் போன்ற இடைநூலகங்களும் உண்டு. மேலே கூறிய ஆறு படிகளுள் பெரும்பாலானவற்றை அவை தாமே செய்துவிடுகின்றன. வேலை எளிதாகும் என்பது உண்மை. எனினும், அவை இரு பக்கத்தின் புதிய பதிப்புக்களையும் தொடர்ந்து பின்பற்ற வேண்டியவை. மூன்றில் ஒன்று பின்தங்கினாலும் பக்கம் தடைப்படும். அடிப்படையை ஒருமுறை கையால் செய்து பழகியவர்க்கு, அத்தடை எங்கு நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது எளிது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

கணிப்பொறி இல்லாத வகுப்பிலும் இத்தத்துவத்தை விளக்கலாம். கரும்பலகையில் ஐந்து ஊர்களின் பெயர்களையும் அவற்றின் மழையளவையும் எழுதுக. ஒரு மாணவனிடம் அதன் நகலை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்க. இனி அவன் பலகையைப் பார்த்தல் கூடாது. ஆசிரியர் புதிய பட்டியல் தரும்பொழுது, தன் நோட்டுடன் ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் பலகையில் திருத்த வேண்டும். இவனே ரியாக்ட்.

பின்னர், இரண்டாம் மாணவியை அழைத்து, முதல் மாணவன் அறியாமல் பலகையில் இரண்டாம் வரியை அழித்து, மற்றவற்றை ஒரு வரி மேலே ஏற்றி எழுதச் செய்க. ஆசிரியர் அடுத்த பட்டியலைத் தந்ததும், முதல் மாணவன் தன் கணக்குப்படி நான்காம் வரியைத் திருத்துவான். ஓர் ஊரின் மழை மற்றோர் ஊரின் பெயருக்கு நேரே போய்ச் சேரும். அவன் சிறிதும் தவறு செய்யவில்லை. எனினும், பலகை பொய் சொல்கின்றது. மூன்றாம் முறை, பலகையின் நடுவே கோடு கிழித்து, இருவர்க்கும் தனித்தனிப் பாதியை அளித்து, பட்டியலை ஆசிரியரே இருவர்க்கும் தருவதாக ஏற்பாடு செய்தால், குழப்பம் மறைவதை மாணவர் தாமே காண்பர்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஆவண மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரே உரிமையாளர் இருத்தல் வேண்டும்.

2. இலக்கம் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். அங்கிருந்தே கட்டமைப்பும் நூலகமும் பெறுதல் வேண்டும்.

3. நூலகத்தை, அதற்குரிய பெட்டி நாட்டப்பட்டபின் அழைத்து, பெட்டி நீங்குமுன் விடுவித்தல் வேண்டும்.

4. நூலகத்தில் நிகழ்வது செய்தியாகக் கட்டமைப்பிற்குத் திரும்புதல் வேண்டும்; நூலகம் தானே அண்டை உறுப்பைத் திருத்தலாகாது.

5. நூலகத்தின் பதிப்பு எண்ணைக் குறித்து நிலைப்படுத்துதல் வேண்டும். உரிமவிதியைப் படித்தல் வேண்டும். பதினைந்து வரியில் முடியும் வேலைக்கு நூலகம் தேடலாகாது.

6. படத்திலும் அட்டவணையிலும் இலக்கம் எந்நாளுக்குரியது என்பதைக் காட்டுதல் வேண்டும்.

களப்பணியாளர் தம் பகுதியின் இலக்கங்களை வலைப்பக்கத்தில் காணும்பொழுது, படத்தையும் அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நற்பழக்கம். வேறுபாடு காணின், பக்கத்தைப் புதிதாகத் திறந்து மீண்டும் நோக்குக. புதிதாகத் திறந்தவுடன் வேறுபாடு மறையுமாயின், பிழை வரைதலில் உள்ளதென ஐயுறலாம். மறையாவிடின், இலக்கத்தின் மூலத்தைச் சரிபார்த்தல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து, நாளும் நேரமும் குறித்து உரியவர்க்கு எழுதியனுப்பும் ஓர் அறிக்கை, பக்கத்தை அமைப்பவர்க்குப் பேருதவியாகும். கிணற்றடியிலும் வயல் வரப்பிலும் அரிதின் முயன்று திரட்டிய எண், திரையில் சரியான ஊரின் பெயருக்கு நேரே தோன்றும்பொழுதே அம்முயற்சி நிறைவு பெறுகின்றது.